உஷார்! தொட்டிப் பாசி கடலுக்குப் போகக் கூடாது

வல்வெட்டித்துறையில் றேவடியிலோ ஆதிகோவிலடியிலோ ஊரிக்காட்டுக் கரையிலோ யாராவது வாளியோடு வந்து, வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் மிஞ்சிய பாசியை அலைக்குள் கொட்டப் போவதைக் கண்டால் தயவுசெய்து மறியுங்கள். கூச்சம் பார்க்க வேண்டாம். தெரிந்த பிள்ளையாக இருந்தாலும் சரி, ஊரில் மதிப்பான பெரியவராக இருந்தாலும் சரி, "அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ, அதைக் கடலுக்குள்ளை போடாதேங்கோ" என்று சொல்லி வாளியை வாங்கி வையுங்கள். அந்தப் பாசிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. அதில் சில இனங்கள், ஒரு விரற்கடைத் துண்டு அறுந்து போனாலும் அந்தத் துண்டிலிருந்தே திரும்ப முழுச் செடியாக எழும்பிவிடும்.

கடல் மீன் வளர்ப்பவர்களுக்கு ரெஃப்யூஜியம் என்றால் என்னவென்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு சொட்டு விளக்கம். தொட்டியில் மீன் கழிப்பதும் தின்னாமல் விட்ட இரையும் முதலில் அமோனியாவாகி, பிறகு நைத்திரேற்றாக மாறி, தண்ணீரிலேயே தங்கிவிடும். கூடவே பொசுபேற்றும் ஏறும். இரண்டும் கூடினால் கண்ணாடியெல்லாம் வழுவழுப்பு படரும், பவளம் நிறம் மங்கும். இதற்கு ஒரு வழி, தொட்டிக்குக் கீழே உள்ள சம்ப் என்ற துணைத்தொட்டியில் ஓர் அறையை ஒதுக்கி, அதற்கு விளக்குப் போட்டு, பெரிய கடற்பாசியை வளர்ப்பது. அந்த அறைதான் ரெஃப்யூஜியம். சீட்டோ என்று சொல்கிற நூற்கந்தல் போன்ற கீட்டோமோர்பா, கஞ்சிப்பாசிக் குடும்பத்துக் கிராசிலேரியா, தண்டு ஓடி ஓடி இலை விடும் கொலெர்ப்பா, இவைதான் வழக்கமானவை. பாசி அந்தச் சத்துகளைத் தின்று கொழுக்கும். கொழுத்ததை வெட்டி வெளியே எடுத்தால், அதனோடு நைத்திரேற்றும் பொசுபேற்றும் வெளியே போகும். நல்ல முறை. மருந்து இல்லை, பெரிய செலவும் இல்லை.

ஆனால் இந்த வேலைக்கு ஒரு பாசியை ஏன் தேர்ந்தெடுக்கிறோம்? வேகமாக வளரும், துண்டு துண்டாகப் பெருகும், எதையும் தாங்கும். கடலைப் பிடித்துக்கொள்ளும் பாசிக்கும் வேண்டியவை இதே குணங்கள்தாம். வெட்டியெடுத்த அரைக் கிலோப் பாசி அடுத்து எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதை நினைத்தால் எனக்குப் பயம் வருகிறது.

பாக்கு நீரிணைக்கு அக்கரையில் நடந்ததைப் பாருங்கள். கப்பாபைக்கஸ் அல்வரேசி என்பது பிலிப்பைன்ஸ் கடலுக்குரிய சிவப்புப் பாசி. 1984இல் ஜப்பானிலிருந்து அதன் துண்டுகளை இந்தியாவின் மத்திய உப்பு, கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்து குஜராத் கரையில் பழக்கியது. 1990களில் அது மண்டபத்திற்கு வந்தது. 2000க்குப் பிறகு பெப்சிகோ நிறுவனம் வணிகமாக இறங்க, இராமநாதபுரத்துக் கரைகளில் மூங்கில் தெப்பம் தெப்பமாக வளர்ப்பு நடந்தது. ஊர்ச்சனம் அதற்குப் 'பெப்சிப் பாசி' என்றே பேர் வைத்துவிட்டது. நிறையப் பெண்களுக்கு அதனால் கையில் காசு புழங்கியது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2008 மே மாதம் 'கரன்ட் சயன்ஸ்' இதழில் மதுரை ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். பாம்பனுக்குப் பக்கத்தில், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற குருசடைத் தீவில், கிளைவிட்ட பவளங்களின் மேல் இந்தப் பாசி ஏறிப் படர்ந்து மூடிக்கொண்டிருந்தது. பாசியை விலக்கிப் பார்த்தால் அடியில் பவளம் செத்துக் கிடந்தது. பரவியது சிறு பரப்புத்தான், இதற்குப் பதற வேண்டியதில்லை என்று வாதிட்ட விஞ்ஞானிகளும் இருந்தார்கள். வனத்துறை ஆள் விட்டுக் கையால் பிடுங்கிப் பார்த்தது. பிடுங்கும்போது பவளத்தின் இடுக்கில் ஒட்டிக்கொண்ட சின்னத் துணுக்குகள் மறுபடி தளிர்த்தன. பிறகு அயலிலுள்ள தீவுகளிலும் அது தென்பட்டது.

அரசாங்க நிறுவனம், அனுமதி, கண்காணிப்பு எல்லாம் இருந்த இடத்திலேயே பாசி கைமீறியது. ஒரு வாளிக்கு யார் கண்காணிப்பு?

வீட்டுத் தொட்டிப் பாசி என்ன செய்யும் என்பதற்கு மத்தியதரைக் கடல் சாட்சி. ஜெர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரத்து வில்ஹெல்மா விலங்குக் காட்சிச்சாலையில், குளிரையும் தாங்கும் கொலெர்ப்பா டாக்சிபோலியா வகையொன்றைக் காட்சித்தொட்டிக்காக வளர்த்தார்கள். அது கைமாறிக் கைமாறிப் பிற காட்சிச்சாலைகளுக்கும் போனது. 1984இல் மொனாக்கோவின் சமுத்திர அருங்காட்சியகத்துக்கு நேர் கீழே, கடல் தரையில், ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர் பரப்பில் அது கண்ணில் பட்டது. 1989இல் அது ஒரு ஹெக்டயர் ஆகியிருந்தது. நீஸ் பல்கலைக்கழகத்து அலெக்சாந்தர் மெனேஸ் அபாயம் அபாயம் என்று எழுதிக்கொண்டே இருந்தார். ஆனாலும் காலத்தைக் கடத்தினார்கள். 2000 அளவில் ஆறு நாடுகளின் கரைகளில் சுமார் 13,000 ஹெக்டயர். பின்னர் பல இடங்களில் தானாகவே பின்வாங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; ஆனால் அதற்குள் கடற்புல் வெளிகளும் அதை நம்பிய மீனும் பட்ட பாடு பட்டதுதான். அந்தப் பாசி ஊர் ஊராகப் போனது எதில் தெரியுமா? நங்கூரத்திலும் வலையிலும். படகின் நங்கூரப் பெட்டிக்குள், இருட்டிலும் ஈரத்திலும், பத்து நாள் வரை அது சாகாமல் கிடக்கும்.

2000 ஜூனில் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் நகரத்து அகுவா ஹெடியொண்டா களப்பில் அதே பாசி தென்பட்டபோது, அவர்கள் தள்ளிப்போடவில்லை. பாசித் திட்டுகளைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே குளோரின் செலுத்தி, 2006 வரை தேடித் தேடி அழித்தார்கள். செலவு 70 லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல். 2001இலேயே ஒன்பது கொலெர்ப்பா இனங்களை விற்கவும் வைத்திருக்கவும் அங்கே சட்டத்தால் தடை போட்டாயிற்று. நியூசிலாந்தில் 2021இல் கிரேட் பேரியர் தீவில் வேறு கொலெர்ப்பா இனங்கள் காணப்பட்டதும், அந்தக் குடாக்களில் நங்கூரம் போடத் தடை வந்தது, மீன்பிடிப்புக்கும் கட்டுப்பாடு வந்தது. வல்வெட்டித்துறை, பொலிகண்டி, இன்பருட்டித் தொழிலாளர்கள் இந்த வரியை இன்னொருமுறை படிக்க வேண்டும். பாசி வந்தால் பவளம் மட்டும் பாதிக்கப்படுவதாக நினைக்காதீர்கள். நாளை உங்கள் படகுக்கே அந்த இடத்தில் நிற்கத் தடை வரலாம்.

எங்கள் கடலில் கொலெர்ப்பா இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. திராட்சைக் குலை போலக் காய்க்கும் ரசிமோசா இந்தச் சமுத்திரத்தில் இயல்பாகவே வளர்வது. இங்கே அதைத் தின்னும் உயிர்களும் உண்டு. ஆகவே கரையில் எடுத்த பாசியைக் கரையிலேயே விட்டால் என்ன என்று நியாயம் பேசலாம். இல்லை, தம்பி. அது உங்கள் தொட்டியில் கொழும்புக் கடையில் வாங்கிய மீனோடும், எந்தக் கடலிலிருந்து வந்ததென்றே தெரியாத பவளத்தோடும் மாதக்கணக்கில் கிடந்த பாசி. அந்த மீனின் ஒட்டுண்ணி, அந்தப் பவளத்தோடு வந்த புழுவும் நத்தை முட்டையும், நோய்க்கிருமி, கண்ணுக்குத் தெரியாத வேறு பாசியின் துணுக்கு என்று எல்லாம் அதற்குள் சிக்கியிருக்கும். இங்கே எடுத்தது என்ற காரணத்தால் அது பாதுகாப்பான பாசியாகிவிடாது.

எங்கள் கரை எவ்வளவு நலிந்த நிலையில் இருக்கிறது என்பதையும் நினையுங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல். மழைத்தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கி நிலத்தடி நீராகி, கரையோரமாகக் கடலுக்குள் கசியும். கீரிமலைக் கேணியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வெங்காயத் தோட்டத்துக்கு அள்ளிக் கொட்டிய யூரியாவும், வீட்டு மலக்குழிகளின் கழிவும் அந்த நீரோடு சேர்கின்றன. கிணற்று நீரில் நைத்திரேற்று கூடிப்போனதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள். உலக சுகாதார அமைப்பு குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் வலிகாமத்தில் பல. பாசிக்கு வேண்டிய உரம் எங்கள் கரையை நோக்கி நிலத்துக்கு அடியால் வந்துகொண்டே இருக்கிறது. இன்னொரு பக்கம் இழுவைமடி கடல் தரையைச் சுரண்டிப் போட்டிருக்கிறது. 2017இல் இங்கே சட்டத்தால் தடுத்தும், அக்கரைப் படகுகளால் அந்தத் தொல்லை ஓயவில்லை. சாதாளை என்கிற கடற்புல் அடர்ந்த தரையில் புதுப் பாசி காலூன்றுவது கடினம். சுரண்டிய தரை அதற்குத் திறந்த வீடு.

தொண்டைமானாற்றுப் பக்கம் போய் அணைக்கட்டுக்கு உள்ளே கொட்டினால் கடலுக்குப் போகாதே என்றும் நினைக்காதீர்கள். கீட்டோமோர்பா உவர்நீரிலும் செழித்து வளரும் இனம். களப்பில் தண்ணீர் ஓட்டம் குறைவு, சத்து அதிகம். மழைக்கு அணைக்கதவு திறந்தால் அங்கிருப்பது கடலுக்குத்தான் வரும். வீட்டு வாய்க்கால், மதகு, கிணற்றுக்கட்டுத் தொட்டி எதுவும் வேண்டாம்.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இந்தப் பாசி ஒரு பிடி மலிவாகக் கிடைக்கும். ஈரக் கடதாசியில் சுற்றிப் பொலித்தீன் பையில் போட்டால் சூட்கேசுக்குள் ஊர் வரைக்கும் வந்து சேரும். எங்கள் ஊர் இந்திர விழாவுக்கு வரும்போது மச்சானின் தொட்டிக்கு ஒரு பிடி கொண்டுவரலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம், தீங்கு செய்யக்கூடிய உயிர்கள் நாட்டுக்குள் வராமல் தடுப்பதற்கென்றே உள்ளது. சட்டத்தை விடுங்கள், 2021 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் நன்னீர்த் தொட்டிக்கு விற்கும் மரிமோ என்ற பாசி உருண்டைகளுக்குள், உக்ரைனிலிருந்து வந்த வரிக்குதிரைச் சிப்பிகள் உயிரோடு ஒளிந்திருந்தன. சியாற்றில் நகரத்துக் கடையொன்றில் பிடிபட்டு, நாடு முழுக்கக் கடைகளில் இருந்ததைத் திருப்பியெடுத்தார்கள். எங்களுக்கும் பழைய பாடம் உண்டு. ஆகாயத்தாமரை 1900களின் தொடக்கத்தில் பூவின் அழகுக்காக இலங்கைக்கு வந்தது. 1909இலேயே அதை ஒழிக்கவென்று தனிக் கட்டளைச் சட்டம் போட வேண்டியதாயிற்று. நூறு வருடம் கடந்தும் குளங்களில் அது மிதக்கிறது.

இனித் தொட்டிக்குள் இருக்கிற ஆபத்து. கொலெர்ப்பா வைத்திருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். எவ்வளவு நீளம் ஓடினாலும் அந்தச் செடி முழுவதும் ஒரே ஒரு கலம். இனம்பெருக்கும் வேளை வந்தால் உள்ளிருக்கும் எல்லாவற்றையும் புணரிகளாக்கி, விடியப்புறத்தில் ஒரேயடியாகத் தண்ணீருக்குள் விட்டுவிட்டுத் தான் செத்துப்போகும். முதல்நாள் மாலையே குறி தெரியும்: பச்சை ஆங்காங்கே வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக வலைபோல நிற்கும், இலை ஓரத்தில் ஊசிமுனை போலச் சிறு முளைகள் எழும்பும். காலையில் எழும்பிப் பார்த்தால் தொட்டி பச்சையாக, அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருக்கும். மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பாசிக்குப் பதில் கண்ணாடி நிறத்தில் வெறும் தோல் கிடக்கும்.

கணக்கைப் பாருங்கள். அரைக் கிலோ ஈரப்பாசியைக் காயவைத்தால் ஏறக்குறைய 50 கிராம். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு நைதரசன் என்று வைத்தாலும் ஒன்றரைக் கிராம். 200 லீற்றர் தொட்டியில் அது முழுதும் அழுகிக் கரைந்தால் லீற்றருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் நைதரசன், அதுவும் முதலில் அமோனியாவாக. கடல்நீரின் காரத்தன்மையில் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் அமோனியாவே மீனுக்கு ஆபத்து. மாதக்கணக்காகச் சேமித்த அழுக்கெல்லாம் ஓரிரவில் திரும்பி வருகிறது. வெளிறல் கண்ட உடனே, பாசியைப் பிழியாமல் கசக்காமல் முழுவதையும் தூக்கி வெளியே எடுங்கள். ஸ்கிம்மரைக் கூட்டி ஓட விடுங்கள், காபன் போடுங்கள், தண்ணீரை மாற்றுங்கள். கிழமைக்கொருமுறை அளவாக வெட்டிக்கொண்டிருந்தால் இந்த நிலைமை வருவது குறையும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, கொலெர்ப்பாவைத் தொடவே வேண்டாம். கஞ்சிப்பாசி வகை போதும்.

மின்வெட்டு இன்னொரு எமன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம், மறந்திருக்க மாட்டீர்கள். விளக்கு இல்லாத நேரத்தில் பாசியும் மீனைப் போலவே ஒட்சிசனை உறிஞ்சும். பம்பும் நின்றால் சம்பில் பாசி அழுகத் தொடங்கும், கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீரைப் பம்ப் மேல்தொட்டிக்கு ஏற்றிவிடும். பற்றரியில் ஓடும் காற்றுப்பம்ப் ஒன்று இல்லாமல் ரெஃப்யூஜியம் வைக்காதீர்கள். பாசியறை விளக்கை, மேல்தொட்டி விளக்கு அணைந்திருக்கும் இரவில் எரிய விடுவது நல்லது.

ஆவியாகிற தண்ணீருக்குக் கிணற்று நீரை ஊற்றுகிறவர்களே, நீங்கள் ஓட்டைப் பானையில் இறைக்கிறீர்கள். எங்கள் வெயிலுக்கு 200 லீற்றர் தொட்டியில் நாளுக்கு மூன்று லீற்றர் போகும் என்று வைப்போம். கிணற்று நீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்தால், நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் உள்ளே போகிறது. மாதத்தில் தொட்டித் தண்ணீரில் லீற்றருக்கு 22 மில்லிகிராம் ஏறும், மீன் ஒன்றும் கழிக்காவிட்டாலும்கூட. பவளம் வைத்தவர்கள் பத்துக்குக் கீழே வைத்திருக்கப் பாடுபடுகிற எண் அது. பாசி போதவில்லை என்று இன்னும் பாசி, இன்னும் விளக்கு, இன்னும் கழிவு. ஆர்.ஓ. தண்ணீர் வாங்கி ஊற்றினால் பாதிப் பாசி தேவைப்படாது. டெஸ்ட் கிட்டில் எண் பார்க்கும்போது அது நைத்திரேற்றையா, நைத்திரேற்று-நைதரசனையா காட்டுகிறது என்று தாளை வாசியுங்கள். இரண்டுக்கும் நாலரை மடங்கு வித்தியாசம்.

அதற்காக எண்ணைச் சுழியத்துக்கும் இறக்காதீர்கள். சத்து முற்றாக இல்லாமல் போனால் டைனோ என்கிற கபில நிறச் சளி குமிழி குமிழியாகப் பவளத்தை மூடும். அதில் சில வகை நஞ்சு.

பாசியோடு சேர்த்துக் கரையிலிருந்து பவளக்கல்லையும் பெயர்த்து வரும் பழக்கம் வேண்டாம். பவளப்பாறை உடைப்பதைக் கரையோரச் சட்டம் தடுக்கிறது. உயிருள்ள கற்பவளங்கள் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை.

வெட்டிய பாசியை என்ன செய்வது? எங்கள் வெயில் போதும். வாளியில் நல்ல தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க ஊறவிடுங்கள். கடற்பாசியும் அதிலுள்ள பூச்சி புழுவும் பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விடாமல் முற்றத்து மணலில் ஊற்றுங்கள். பிறகு பாசியைக் கூரைத் தகரத்தில் மெல்லியதாகப் பரப்பி, கையில் எடுத்தால் நொறுங்கும்வரை காயவிடுங்கள். வாடைக் காலத்து மழையில் காயாது. அப்போது குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் இரண்டு மூன்று நாள் வைத்து எடுக்கலாம். காய்ந்ததைத் தென்னையடியில் புதையுங்கள். எங்கள் அப்பாமார் சாதாளையைத் தோட்டத்துக்கு உரமாகப் போட்டவர்கள்தான். வெட்டிய கத்தி, வலைக்கரண்டி, வாளி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவாமல் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். தொட்டியையே கலைக்கிறவர்கள், தண்ணீரையும் மணலையும்கூடக் கடலில் ஊற்றக் கூடாது.

ஏற்கெனவே கொட்டிவிட்டவர்கள் யாரும் இருந்தால் பயந்து மறைக்க வேண்டாம். எந்த இடம், எந்த மாதம், என்ன பாசி என்று சொல்லுங்கள். சுழியோடுகிறவர்களும் வலை வாங்குகிறவர்களும், முன்பு காணாத பாசி கம்பளமாகப் படர்ந்திருப்பதைக் கண்டால், பக்கத்தில் ஒரு பத்து ரூபாக் குற்றியை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடமோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக் கடற்றொழில் துறையிடமோ, நாரா என்கிற தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனத்திடமோ அன்றைக்கே சொல்லுங்கள். ஆத்திரத்தில் அதைக் கொத்தாகப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்; அறுந்த துண்டுகளை நீரோட்டம் பொலிகண்டிக்கும் பருத்தித்துறைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.